மூடச் சொன்ன ஜன்னல் மூடாது

ஜன்னல் சபை எப்படிக் கலைந்தது என்பது பற்றி அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் இரண்டு கதைகள் உலவுகின்றன. மார்லிஸ் டாலெஃப்சன் என்ற பெண்மணி வெளியூரிலிருந்து வந்து சதி செய்து கலைத்தார் என்பது ஒன்று. சபை பெருந்தன்மையோடு தானே விலகிக்கொண்டது என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சொல்லிக்கொண்டு திரிபவர் முன்னாள் தலைவர் லைல் ஹௌகன். இரண்டும் சரியில்லை. பதினோரு வருடம் அந்தச் சபையின் நடவடிக்கைக் குறிப்பை எழுதியவன் நான். நடந்ததை நடந்தபடி எழுதிப் பழகியவன். அதை ஒருவரும் படிக்க மாட்டார்கள் என்பதும் எனக்குப் பழகிவிட்டது.

எங்கள் சபை பராமரித்துவந்த லூன் என்பது கணினியில் எழுதவும் எழுதியதைத் திருத்தவும் உதவும் ஒரு செயலி. இலவசம். முப்பத்தொரு வருடத்துக்கு முன்பு, ஏரி உறைந்து கிடந்த ஒரு குளிர்காலத்தில், வேறு வேலை இல்லாத லைல் எழுதியது. இன்றைக்கும் பல ஆயிரம் பேர் விடாப்பிடியாக அதைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் அதிலிருந்து வெளியே வரத் தெரியாமல்தான் உள்ளே இருக்கிறார்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். குறிப்பில் எழுதியதில்லை.

லூனின் திரையை ஜன்னல் ஜன்னலாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்றில் மூலத்தை வைத்துக்கொண்டு இன்னொன்றில் எழுதலாம். இதுவரை உலக வழக்கம்தான். மூடும்போதுதான் லூன் தன் குணத்தைக் காட்டும். நீங்கள் எந்த ஜன்னலில் இருந்துகொண்டு ‘மூடு’ என்கிறீர்களோ அது மூடாது. அது எந்த ஜன்னலிலிருந்து பிரிந்து பிறந்ததோ, அந்தத் தாய் ஜன்னல் மூடும். தாயின் இடம் முழுவதும் பிள்ளைக்குப் போய்ச் சேரும். எல்லாவற்றுக்கும் முதல் ஜன்னலுக்குத் தாய் கிடையாதே, அதை மூடச் சொன்னால்? லூன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும். இந்த விதிக்கு லைல் வைத்த பெயர் ‘மூத்தோர் வழிவிடல்’.

மார்லிஸுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. அவர் பெமிட்ஜியில், பார்வையற்றவர்களுக்குப் பிரெயிலில் புத்தகம் தயாரிக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ஐம்பத்தேழு வயது. அந்த அலுவலகத்தில் புள்ளி அடிக்கும் பழைய இயந்திரம் ஒன்று உண்டு. அது லூனில் செய்த கோப்பைத் தவிர வேறெதையும் ஏற்றுக்கொள்ளாது. அதனால் அந்த அம்மாள் லூனுக்கு வாழ்க்கைப்பட்டார்.

அந்த வருடம் அவர் கையில் இருந்தது ரெனாட்டா ஆஸ்டர்லண்டின் புத்தகம். ரெனாட்டா பள்ளிப் பேருந்து ஓட்டியவர். நான்கு வருடத்துக்கு முன்பு பார்வை போயிற்று, அதோடு வேலையும் போயிற்று, தங்கை வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். மாவட்ட அவசர அழைப்பு நிலையத்தில் தொலைபேசி எடுக்கும் வேலைக்கு ஒரு தேர்வு உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். இந்தத் தடவை அக்டோபர் பதினாலு. அதற்கான புத்தகம் பதினாலு பாடம். பிரெயிலில் கிடையாது. மார்லிஸ் ஜூன் மாதம் உட்கார்ந்தார்.

எட்டுப் பாடம் சிறியவை, ஜன்னலைப் பிரிக்காமலே ஒழுங்காகப் போயின. ஒன்பதாவது பெரிய பாடம், நாற்பத்தொரு பக்கம். பிரெயில் கோப்பைத் திறந்து, ஜன்னலைப் பிரித்து, பிறந்த ஜன்னலில் அச்சுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஆறு நாள் உட்கார்ந்து முடித்தார். கடைசி வரியைச் சரிபார்த்துவிட்டு, இனி அச்சுப் புத்தகம் எதற்கு என்று அந்த ஜன்னலில் நின்று ‘மூடு’ என்றார். அச்சுப் புத்தகம் திரை முழுவதும் விரிந்தது. பிரெயில் போயே போய்விட்டது. பிரெயிலில் எழுதும்போது, பாடம் முடிந்தது என்று நாமாகச் சொல்லும்வரை லூன் சேமிக்காது. அரைகுறையைப் பாதுகாக்கக் கூடாது என்பது லைலின் இன்னொரு கொள்கை. மூடும்போது “சேமிக்கட்டுமா?” என்று கேட்கவும் கேட்காது. கேட்டால் பயனரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமாம்.

அன்று சாயங்காலம் ரெனாட்டா தொலைபேசியில் வந்தார்.

“ஒன்பதாம் பாடம் எங்க மார்லிஸ்?”

“மூடிட்டேன்.”

“மூடிட்டியா?”

“வேற ஒண்ண மூடச் சொன்னேன். இது மூடிக்கிச்சு.”

“நாலு வருஷமா எனக்குக் கண்ணு தெரியாது. ஒரு நாளாவது தப்பான கதவ மூடியிருக்கேனா? ரெண்டு கண்ணும் முழுசா இருக்கு உனக்கு. என்ன தாயே நீ!”

மார்லிஸ் மறுபடி ஒன்பதாம் பாடத்தில் உட்கார்ந்தார். இந்தத் தடவை புத்திசாலித்தனமாக அச்சுப் புத்தகத்தை முதலில் திறந்து, பிரெயிலைப் பிள்ளையாக்கிக்கொண்டார். இருபத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு குறியீட்டில் சந்தேகம் வந்தது. பிரெயில் ஜன்னலைப் பிரித்து, குறியீட்டு அகராதியைத் திறந்து, பார்த்துவிட்டு மூடினார். அகராதி திரையில் நின்றது. அகராதியின் தாய் யார் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மேசையில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுததாக என்னிடம் பிற்பாடு சொன்னார்.

மூன்றாம் தடவை எதையுமே மூடுவதில்லை என்று முடிவு செய்தார். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு ஜன்னல் பிரிந்தது. மாலைக்குள் திரையில் பத்தொன்பது ஜன்னல்கள் நின்றன. பிரெயில் ஜன்னலின் அகலம் மூன்று எழுத்து. அந்த இடுக்கில் எழுதியே ஒன்பதாம் பாடத்தை ஒருவழியாக முடித்தார். அதற்குள் ஆகஸ்ட் பிறந்துவிட்டது. இந்த வேகத்தில் போனால் பதினாலாம் பாடம் டிசம்பரில்தான் முடியும். அப்போதுதான் எங்களுக்குப் புகார் எழுதினார்.

பதில் எழுதியவர் கையேட்டுப் பொறுப்பாளர் பெவர்லி க்ரூஸ். “அன்புள்ள பயனரே, லூன் சரியாகவே இயங்குகிறது. பிழை உங்கள் எதிர்பார்ப்பில் உள்ளது. எதிர்பார்ப்பைத் திருத்திக்கொண்டு மீண்டும் முயலவும். காண்க: கையேடு, பக்கம் 412.” மார்லிஸ் பார்த்தார். 412ஆம் பக்கத்தில் ‘காண்க: பக்கம் 38’ என்று இருந்தது. 38ஆம் பக்கத்தில் ‘மூடுதல் பற்றி அனுபவசாலிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை’ என்று இருந்தது.

பதில் அனுப்பிய கையோடு பெவர்லி அந்தப் புகாரை மூடினார். புகார்ப் பதிவேடும் லைல் எழுதியதுதான். மார்லிஸின் புகார் மூடவில்லை. அது எந்தப் பழைய புகாரிலிருந்து கிளைத்ததாகப் பதிவாகியிருந்ததோ அது மூடியது. அது கனடாவின் சஸ்காச்சுவானைச் சேர்ந்த ஒருவருடையது; அவர் அச்சுப் பிரச்சினைக்காக ஆறு வருடமாகக் காத்திருந்தார். தன் குறை தீர்ந்துவிட்டதாக நினைத்து நன்றிக் கடிதம் எழுதினார். சபை அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியது.

மின்னஞ்சல் குழுவில் விவாதம் பற்றிக்கொண்டது. இருநூற்றுப் பதினாலு கடிதங்கள். ‘மூடு’ என்று ஏவுவது மரியாதையா, ‘மூட வேண்டுகிறேன்’ என்று இருக்க வேண்டாமா என்பதில் மட்டும் தொண்ணூறு. ஒரு பெரியவர் தாம் 2009ஆம் வருடம் திறந்த லூனை இன்னும் மூடவில்லை என்றும், மின்சாரம் போனால் என்ன செய்வது என்று ஜெனரேட்டர் வாங்கி வைத்திருப்பதாகவும், பயனருக்குப் பொறுமைதான் வேண்டும் என்றும் எழுதினார். மார்லிஸின் பாடத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கடைசியில் லைலே வந்து, குறைகள் நேரில்தான் கேட்கப்படும், செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை ஆண்டுக் கூட்டத்துக்கு வரவும் என்று முடித்தார்.

மார்லிஸ் மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். கூட்டம் வழக்கம்போல லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில். மார்லிஸ் கையில் ஒரு தட்டு நிறைய எலுமிச்சை பார் என்ற கேக் துண்டுகள். எங்கள் பக்கத்தில் சண்டை போடப் போகிறவர்களும் வெறுங்கையோடு போக மாட்டார்கள். கதவைத் திறந்துவிட்டவன் நான்.

“நீங்கதான் தலைவரா?”

“இல்லங்க, கர்ட்டிஸ். குறிப்பு எழுதறவன்.”

“தேர்வுக்கு இன்னும் இருபத்துநாலு நாள்தான் இருக்கு. இன்னிக்கு முடிஞ்சிடுமா?”

இன்னிக்கு முடியும் என்றேன். கூட்டத்தைச் சொன்னேன்.

சபையில் பதினாலு பேர். துணைக்குழுக்கள் இருபத்தாறு. முதல் பொருள், போன வருடக் குறிப்பை ஏற்பது. இரண்டாவது, நிகழ்ச்சி நிரலின் எழுத்துருவைத் தீர்மானிப்பது. அதற்கு ஐம்பது நிமிடம். அதற்குள் தட்டில் ஒரே ஒரு பார் மிஞ்சியது. கடைசித் துண்டை எடுப்பது எங்கள் ஊரில் நடக்காத காரியம். வருகிறவர் அதைப் பாதியாக வெட்டி, பாதியை எடுத்துக்கொண்டு, பாதியை மரியாதையாக விட்டுவைப்பார். அடுத்தவர் அந்தப் பாதியைப் பாதியாக்குவார். மார்லிஸின் முறை வந்தபோது தட்டில் கட்டைவிரல் நகமளவு நின்றது.

லைல் எழுந்தார். எழுபத்தொன்பது வயது, நல்ல உயரம், கணீரென்ற குரல்.

“மார்லிஸ், இயற்கையப் பாருங்க. பழைய இலை உதிருது, தளிருக்கு இடம் விடுது. பெரியவங்க ஒதுங்கணும், சின்னவங்க வரணும். இதுதான் லூனோட உயிர். முப்பத்தொரு வருஷமா இதே நாற்காலியில உக்காந்து இதத்தான் சொல்லிட்டிருக்கேன்.”

மற்ற பதிமூன்று பேரும் தலையாட்டினோம்.

“நல்ல கொள்கைதாங்க,” என்றார் மார்லிஸ். “ஆனா நான் எத மூடச் சொல்றேனோ அது மூடினாப் போதும் எனக்கு.”

“அது உங்க ஒருத்தரோட ஆசை. வேற யாரும் கேக்கலையே?”

“ஒருத்தருமேவா?”

“கேட்டாங்க, கேக்காம என்ன. பெவர்லி கேட்டா. அதோ அந்த மூலைல இருக்காரே, அவர் கேட்டார். கர்ட்டிஸ் கேட்டான். எல்லாரையும் உறுப்பினர் ஆக்கிட்டோம். அப்புறம் யாரும் கேக்கல.”

பெருமையோடு எங்களைக் கைகாட்டினார். நாங்கள் காப்பிக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெவர்லி கையைத் தூக்கினார். “நடைமுறைச் சிக்கலையும் சொல்லிடறேன். விதிய மாத்தினா 412ஆம் பக்கம் மாறும். அச்சடிச்ச கையேடு எண்ணூறு பிரதி என் கராஜுல கெடக்கு. அதுக்கு மேல என் வீட்டுக்காரர் பனி வண்டிய நிறுத்தியிருக்கார். யார் எறக்குவா?”

“அங்க ஒரு அம்மாவுக்கு வேலை கிடைக்கணுங்க,” என்றார் மார்லிஸ். “கண்ணு போனவ. தங்கச்சி வீட்ல கோட்டு ஸ்டாண்டுக்குப் பக்கத்துல படுத்துக் கெடக்கா.”

சபை உருகிவிட்டது. ஒருவர் மூக்கைச் சிந்தினார். உருகிய சூட்டோடு தீர்மானம் போட்டார்கள்: ‘எதிர்பாராத மூடுதல் துணைக்குழு’ என்று ஒன்றைச் சபையிலிருந்து உடனே பிரிப்பது. உறுப்பினர், மார்லிஸ் டாலெஃப்சன். எழுத்தர், வழக்கம்போல நான். அறிக்கை தரக் கெடு, இரண்டு வருடம்.

“ரெண்டு வருஷமா?” என்றார் மார்லிஸ்.

“அவசரம்னால ரெண்டு. எழுத்துருக் குழுவுக்கு ஏழு குடுத்தோம்,” என்றார் லைல்.

இடைவேளை விட்டார்கள். மார்லிஸ் காப்பி அண்டா அருகில் தனியாக நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, பதினோரு வருடமாக வெளியார் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

“திருத்தம் ஒரே வரிதாங்க. நான்தான் எழுதினேன். வந்த மொத வருஷமே. சபை ஏத்துக்கணும்னு வரிசையில போட்டாங்க, எனக்கு இந்தப் பேனாவக் குடுத்தாங்க. இன்னும் வரிசையிலதான் இருக்கு.”

“ஒரு வரியா?”

“அரை வரின்னும் சொல்லலாம்.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. “இந்தச் சபைக்குச் சட்டம் கிட்டம் உண்டா?” என்று கேட்டார். சாசனத்தை எடுத்துக் கொடுத்தேன். நான்கு பக்கம். லைல் லூனில் எழுதியது. பிரெயில்காரர்கள் படிக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக, விரலை வைத்துக்கொண்டு படித்தார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

“இது நிஜமா?”

“நிஜந்தான். ஆனா முப்பத்தொரு வருஷத்துல ஒரு துணைக்குழுவக்கூட மூடினதில்லைங்க. அதனால சோதிச்சுப் பாக்க வாய்ப்பு வரல.”

“வழிமொழிய இன்னொரு ஆள் வேணுமோ?”

“துணைக்குழுவுல எழுத்தருக்கு ஓட்டு உண்டு. போட்டுப் பழக்கமில்ல.”

அவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார்.

கூட்டம் கூடியதும் மார்லிஸ் எழுந்தார். “தலைவரே, நம்ம சாசனமும் லூன் மாதிரியேதானா?”

லைலின் முகம் மலர்ந்தது. முப்பத்தொரு வருடத்தில் சாசனத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. “அதேதான்! சொல்றத நாமளே கடைப்பிடிக்கலைன்னா எப்படி? பெவர்லி, மூணாம் பிரிவ வாசிம்மா. சத்தமா.”

பெவர்லி வாசித்தார். “சபையோ குழுவோ தன்னை மூடத் தீர்மானித்தால், மூத்தோர் வழிவிடல் கொள்கைப்படி, அது எதிலிருந்து பிரிந்ததோ அந்த அமைப்பு மூடப்படும். மூடப்பட்ட அமைப்பின் இடமும் அதிகாரமும் பிரிந்ததையே சேரும்.”

“அழகு!” என்றார் லைல்.

“ரொம்ப அழகுங்க,” என்றார் மார்லிஸ். “எதிர்பாராத மூடுதல் துணைக்குழுவ மூடணும்னு முன்மொழியறேன்.”

“அடடே, இப்பத்தானே தொறந்தோம்? சரி, உங்க விருப்பம். வழிமொழியறது யாரு?”

“வழிமொழிகிறேன்,” என்றேன்.

என் குரலை அந்த அறையில் பலர் அன்றுதான் கேட்டார்கள். ஊமை என்று நினைத்திருந்ததாக ஒருவர் பிற்பாடு சொன்னார்.

“ஆதரவு ரெண்டு, எதிர்ப்பு இல்ல. மூடப்பட்டது!” என்று லைல் சுத்தியலை ஓங்கித் தட்டினார். “அடுத்த பொருள் என்ன பெவர்லி?”

பெவர்லி மூன்றாம் பிரிவை இன்னொரு தடவை தனக்குள் படித்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

“பெவர்லி?”

“அடுத்த பொருள் இல்ல லைல்.”

“ஏன்?”

“சபை இல்ல.”

எங்கள் ஊரில் குரலை உயர்த்திச் சண்டை போடும் பழக்கம் கிடையாது. லைல் சாசனத்தை வாங்கிப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். “இது... வித்தியாசமாத்தான் இருக்கு,” என்றார். எங்கள் பக்கத்தில் இதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது. அப்புறம் ஒருவர் தொடையைத் தட்டி, “சரி, அப்ப கெளம்ப வேண்டியதுதான்,” என்றார். எல்லோரும் எழுந்து நாற்காலிகளை மடித்து அடுக்க ஆரம்பித்தார்கள்.

நான் மடிக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, சபையின் முழு அதிகாரமும் பெற்ற எதிர்பாராத மூடுதல் துணைக்குழுவின் முன் வைத்தேன். வரிசையில் பதினோரு வருடமாக நின்ற அந்த ஒரு வரியைக் காட்டினேன். “ஏத்துக்கலாமா?” என்று கேட்டேன். “ஏத்துக்கலாம்,” என்றது துணைக்குழு. மொத்தம் நாலு விநாடி. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

லைல் மேலங்கியை மாட்டிக்கொண்டு மார்லிஸிடம் வந்தார். திடீரென்று வயதானவராகத் தெரிந்தார். பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

“பழைய மூடலுக்குப் பழகிப்போனவங்கன்னு சில பேர் இருப்பாங்க. அவங்களுக்குன்னு சின்னதா ஒரு துணைக்குழு... நான் வேணா பாத்துக்கறேன். மாசம் ஒரு தடவை கூடினாப் போதும்.”

மார்லிஸ் நல்ல மனுஷி. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. வாயைத் திறந்துவிட்டார். அப்போது அவர் கண் தட்டின் மேல் போனது. நகமளவு இருந்ததை அதற்குள் யாரோ இன்னொரு தடவை பாதியாக்கி வைத்திருந்தார்கள். மார்லிஸ் அதை முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“வேண்டாம் லைல்,” என்றார். தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

புத்தகம் அக்டோபர் இரண்டாம் தேதி ரெனாட்டாவின் கைக்குப் போனது. பன்னிரண்டே நாளில் பதினாலு பாடத்தையும் விரலால் தேய்த்துத் தீர்த்துவிட்டார். நவம்பரில் தேர்வு முடிவு வந்தது. ஜனவரியில் வேலையில் சேர்ந்தார். முதல் மாதச் சம்பளத்தில் தங்கை வீட்டிலிருந்து வெளியேறி, கதவு உள்ள ஓர் அறையில் குடியேறினார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பெமிட்ஜிக்குப் போயிருந்தேன். சபை போனதிலிருந்து எனக்குச் சனி ஞாயிறு நிறைய மிச்சம். மார்லிஸ் சமையலறையில் இருக்கும்போது ரெனாட்டாவின் அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டார்.

“வேலையெல்லாம் எப்படி?”

“வேலை தங்கமா இருக்கு. விடுப்பு கேக்கற முறைதான் கொஞ்சம் ஒரு மாதிரி. நான் வெள்ளிக்கிழமை லீவு கேட்டா, கம்ப்யூட்டர் எனக்கு முன்னாடி சேர்ந்தவளுக்கு லீவு குடுத்துடுது. மூணு வாரமா வெள்ளிக்கிழமையானா அவ வீட்ல உக்காந்திருக்கா, நான் அவ வேலையையும் சேத்துப் பாக்கறேன்.”

“புகார் குடுத்தியா?”

“குடுத்தேன். ரொம்ப மரியாதையா பேசினாங்க. என்னையே விடுப்புச் சீரமைப்புக் குழுவுல உறுப்பினர் ஆக்கிட்டாங்க.”

மார்லிஸ் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

“அந்தக் குழுவுக்குச் சாசனம் இருக்கா?”

“ஏதோ நாப்பது பக்கம் காகிதம் குடுத்திருக்காங்க. அச்சுல இருக்கறத நான் எங்க படிக்கறது?”

“நாளைக்கே தபால்ல போடு,” என்றார் மார்லிஸ். “பிரெயில்ல அடிச்சு வியாழக்கிழமை உன் கையில தரேன்.”